என் பாதி முகமும் கொரிய, ஜப்பானிய நாடகங்களும்

ஐந்து மாதக் குழந்தை தன் தாயின் முகத்தில் எதைப் பார்க்கிறது? இந்தக் கேள்வியை இரண்டு வைத்தியர்களிடம் கேட்டிருக்கிறேன். புத்தகங்களிலும் தேடியிருக்கிறேன். கிடைத்த பதில்கள் எல்லாம் முழு முகம் உள்ள தாய்மாருக்கானவை. என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

அன்று காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாக ஒழுகிக் கழுத்துக்குள் போனது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். முந்தைய நாளிலிருந்தே வலது காதுக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது. ஒரே பக்கமாகப் படுத்துப் பாலூட்டுவதால் வந்த பிடிப்பு என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். தேநீரில் தகரத்தின் சுவை அடித்தது. பிறகு தொட்டிலுக்கு மேல் குனிந்து மகளைப் பார்த்துச் சிரித்தேன். என்னைக் கண்டாலே காலை உதைத்துச் சிரிப்பவள், அன்று சிரிக்கவில்லை. புருவத்தை நெரித்து என்னையே பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடிக்குப் போனேன். என் முகத்தின் வலது பாதி இறங்கிக் கிடந்தது. வலது கண்ணை மூடப் பார்த்தேன், மூடவில்லை.

நாங்கள் இலங்கை மலையகத்தில் தெமோதரைப் பக்கம் இருக்கிறோம். நான் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சிறுவர் வகுப்பு ஆசிரியை. அப்போது பிரசவ விடுமுறையில் இருந்தேன். கணவர் அன்டனிக்கு வெலிமடையில் மரக்கறி மொத்தக் கடையில் வேலை. எங்களோடு மாமியும் நாத்தனார் ஜெனிட்டாவும் இருக்கிறார்கள். மாமி ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தவர். ஜெனிட்டா ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக மொழி படித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் மாமி ஒரு சால்வையை எடுத்துத் தலையோடு காதைச் சுற்றிக் கட்டினார். "பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து வந்தியே, காத்து அடிச்சிருச்சு" என்றார். நான் பாரிசவாதம் என்றே நினைத்தேன். ஒரு கை விழுந்துவிட்டால் குழந்தையை எப்படித் தூக்குவது என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. சால்வைக் கட்டோடு அன்றே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வைத்தியர் என்னை நெற்றியைச் சுருக்கச் சொன்னார். இடது பக்கம் மட்டும் சுருங்கியது. கைகளை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், சில சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூளையில் வரும் பாரிசவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும் என்றும், எனக்கு நெற்றியும் சேர்ந்து நின்றுபோனதும் கை கால் பலம் குறையாததும் நல்ல அறிகுறிகள் என்றும் விளக்கினார். எனக்கு வந்தது முகவாதம் (முகத்தின் ஒரு பக்கத் தசைகளை இயக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது). பிள்ளைப்பேற்றை ஒட்டிய மாதங்களில் சிலருக்கு வருவதுண்டாம்.

வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொயிட் மாத்திரை தந்தார். அதை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். இதை வாசிக்கிற உங்களுக்கு இப்படி நேர்ந்தால் காற்று அடித்தது என்று காத்திருக்காதீர்கள். எது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் அன்றே போய்க் காட்டுங்கள்.

பாலூட்டலாமா என்று கேட்டேன். பாலூட்டலாம் என்றார். மறுபடி கேட்டேன். கதவு வரை போய்த் திரும்பி வந்தும் கேட்டேன்.

"அம்மா, நீங்க மூணாவது தரம் கேக்கிறீங்க" என்றார் வைத்தியர். "பால் குடுக்கலாம். கண்ணத்தான் கவனிக்கணும்."

இமை மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வரலாம். பகலில் சொட்டு மருந்து, படுக்கும்போது களிம்பும் ஒட்டுத் துணியும். விரலால் இமையை இறக்கி ஏற்றப் பழகினேன். கண் சிமிட்டுவது ஒரு வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தெரியாத இன்னொன்றும் இருந்தது. காதுக்குள் பெரிய ஒலிகளை அடக்கிக் கொடுக்கும் ஒரு சின்னத் தசைக்கும் இதே நரம்புதான் போகிறது. அது நின்றுவிட்டால் சாதாரணச் சத்தமும் ஆணி போல் இறங்கும். கரண்டி விழுந்தால் பல் கூசியது. மகள் அழுதால் வலது தோளில் அவளை வைத்திருக்க முடியவில்லை. தொலைக்காட்சிச் சத்தம் தாங்கவே முடியவில்லை.

எங்கள் வீட்டில் பின்னேரம் சிங்களத்தில் குரல் மாற்றிய கொரிய நாடகம் ஓடும். மாமி ஒரு நாளும் தவறவிடமாட்டார். கொஞ்சம் குறைக்க முடியுமா என்று தயங்கிக் கேட்டேன். மாமி சத்தத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டார்.

"சத்தம் எதுக்கு? அதான் மூஞ்சி இருக்கே" என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் நாடகம் பார்க்கத் தொடங்கியது இப்படித்தான்: சத்தமில்லாமல், ஒரு கண்ணில் சொட்டு மருந்தோடு, மடியில் குழந்தையோடு.

சத்தத்தை எடுத்துவிட்டால் கொரிய நாடகம் வேறொன்றாகிறது. துறைமுக ஊரொன்றில் சலவைக் கடை நடத்தும் மூன்று சகோதரிகளின் கதை அது. கடைசித் தங்கை தலைநகருக்குப் போகிறாள். மூத்தவள் பஸ்ஸுக்கு வெளியே நின்று சிரித்துக் கை காட்டுகிறாள். பஸ் போய்விட்டது. அவள் சிரிப்பு போகவில்லை. கழற்றி வைக்க மறந்த ஆடை போல முகத்திலேயே கிடக்கிறது. கன்னம் மட்டும் மெதுவாகக் கீழே இறங்குகிறது. பிறகு கண். உதடு கடைசியாக. நான் அந்த இடத்தைப் பிறகு ஜெனிட்டாவின் போனில் தேடியெடுத்துப் பல தடவை பார்த்தேன். ஒரு சிரிப்பு எந்த வரிசையில் அவிழ்கிறது என்று அதற்கு முன் யாரும் எனக்குக் காட்டித் தந்ததில்லை.

அந்த நடிகைகளின் பொறுமை என்னை வியக்க வைத்தது. அழுகை வருவதற்கு முன்பு மூக்கின் ஓரம் சிவக்கும் வரை ஒளிப்பதிவுக் கருவி காத்திருக்கும். சாப்பிடும் காட்சி என்றால் உண்மையாகவே கன்னம் புடைக்கச் சாப்பிடுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு மாமியார் கடற்பாசிச் சூப் கொண்டுவந்து வைக்கும் காட்சி ஒன்று வந்தது. மாமி எழுந்து உட்கார்ந்தார்.

"அங்கயும் பத்தியம் இருக்கு பாரு. நான் உனக்கு மல்லி மிளகு இடிச்சுச் சரக்குத் தண்ணி வச்சப்ப மூஞ்சியச் சுளிச்சியே. அவ எப்படிக் குடிக்கிறா."

"அவங்களுக்குச் சம்பளம் குடுக்கிறாங்கம்மா" என்றாள் ஜெனிட்டா.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்தப் பெண்கள் சிரிக்கும்போது பலரும் கையால் வாயை மறைக்கிறார்கள். கூச்சமும் மரியாதையும் கலந்த ஒரு அழகு அதில் இருந்தது. நானும் பழகிக்கொண்டேன். மகளைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் இடது கை வாய்க்குப் போய்விடும். அந்த நாட்களில் அவள் மாமியைப் பார்த்துச் சிரிப்பாள், ஜெனிட்டாவைப் பார்த்துச் சத்தமாகச் சிரிப்பாள், என்னைப் பார்த்தால் அளந்து பார்ப்பாள். என் பயமெல்லாம் அதில்தான் இருந்தது. சிரிக்கத் தெரியாத தாயிடம் வளரும் குழந்தை சிரிப்பை எங்கே கற்றுக்கொள்ளும்? தவறான சிரிப்பைக் காட்டுவதைவிட எதையும் காட்டாமல் இருப்பது மேல் என்று நினைத்தேன். சரியா பிழையா என்று ஒவ்வொரு நாளும் மாற்றி மாற்றி நினைத்தேன்.

ஒரு பின்னேரம் பாலூட்டி முடித்து அவளை மடியில் உட்கார வைத்திருந்தேன். நாடகத்தில் நடுச் சகோதரி ஒரு வாடிக்கையாளரின் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் பொசுக்கிவிட்டு அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை வாய்க்குப் போனது. மகள் அந்தக் கையின் விரலொன்றைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் விடவில்லை. மறுபடி இழுத்தாள். கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஈறு முழுவதும் தெரியச் சிரித்தாள். என் வாய் அன்றும் கோணலாகத்தான் இருந்தது. என்ன மாறியது என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு வாயை மறைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து வலது உதட்டோரம் முதல் தடவையாகத் துடித்தது. வீடே கூடிப் பார்த்தது. அன்டனி போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"போச்சு" என்றார். "பாதிக் கோவத்தோட சமாளிச்சுக்கிட்டு இருந்தேன். இனி முழுசா வாங்கணும்."

பாதித்த நரம்பு மீளத் தொடங்கும்போது கண்ணாடி முன்னால் மெதுவாகப் பயிற்சி செய்யும்படி இயன் மருத்துவர் (அசைவுப் பயிற்சிகளால் உடலைத் தேற்றுபவர்) ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். எனக்குக் கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை. ஜெனிட்டா அதற்கு வழி கண்டுபிடித்தாள். நாடகத்தைப் போனில் ஓட்டி, நல்ல முகம் ஒன்று வந்ததும் நிறுத்துவாள். அந்த முகத்தை நான் செய்ய வேண்டும்.

தோட்டத்தில் காலையில் எந்த மலையில் யாருக்கு வேலை என்று ஆள் பிரிக்கும் இடத்தைப் பெரட்டு என்போம். ஜெனிட்டா தினமும் காலையில் என்னைக் கூப்பிடுவாள்.

"அண்ணி, பெரட்டு. வந்து நில்லுங்க. இன்னிக்கு மொத மலை, கோவம். அதுக்கப்புறம் ஏமாந்து போன மூஞ்சி. அப்புறம் ஹீரோ மழையில நனைஞ்சு வந்து நிப்பான், அதுக்கு ஒரு சிரிப்பு."

"நான் எதுக்கு அவனப் பார்த்துச் சிரிக்கணும்?"

"அண்ணன நெனச்சுக்கிட்டா சிரிப்பு வராதே."

மாமி கங்காணி வேலையை எடுத்துக்கொண்டார். "கை வலிக்க வலிக்க எடுத்தாத்தான் கொழுந்துல ஓட்டம் வரும். நல்லா இழுத்துச் சிரி. பாதி மூஞ்சி இன்னும் அரைப் பேருக்குத்தான் வேலை செய்யுது" என்பார். அரைநாள் சம்பளத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

நான் சொன்னபடி செய்யும் ஆள். காலையில் செய்தேன், பகலில் செய்தேன், கன்னம் கடுக்கும்வரை செய்தேன். கொரிய நாடகத்தில் முகங்கள் பெரியவை. வியப்பென்றால் கண் முழுதும் திறக்கும், அழுகையென்றால் வாய் சதுரமாகும். எல்லாவற்றையும் இழுத்து இழுத்துப் பழகினேன். உண்மையிலேயே முன்னேற்றம் தெரிந்தது. கண் மூடியது. தண்ணீர் ஒழுகவில்லை. காதுக் கூச்சமும் போய்விட்டது. மகள் நாங்கள் மூவரும் முகம் கோணுவதைப் பார்த்துக் கைதட்டினாள். என் நோய்க்காலத்தில் நான் வாய்விட்டுச் சிரித்த நாட்கள் அவை.

நோய் வந்த நான்காம் மாதமளவில் அன்டனிதான் அதைப் பார்த்தார். "ஏன் சிரிக்கிறப்ப கண்ணடிக்கிற?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். உதடு மேலே போனால் வலது கண் தானாக மூடிக்கொண்டது. திறந்து வைக்க முயன்றால் உதடு இறங்கியது. அதே நாட்களில் சாப்பிடும்போது வலது கண்ணிலிருந்து மட்டும் நீர் வடியத் தொடங்கியது.

"சோறு அவ்வளவு மோசமா அண்ணி, இல்ல ஒரு கண்ணுக்கு மட்டும் உப்புக் கூடிருச்சா?" என்று ஜெனிட்டா கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

இயன் மருத்துவர் சிங்களப் பெண்மணி. ஹல்துமுல்லையில் தோட்டப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். என்னைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தார்.

"எப்படிப் பழகினீங்க?"

பெரட்டைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனை தரம் செய்வீங்க?"

"கன்னம் வலிக்கிற வரைக்கும்."

அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. "இது கொழுந்து மலை இல்லீங்க. கூட எடுத்தாக் கூட வராது" என்றார். எனக்கு வந்திருப்பது இணையசைவு (ஒரு தசையை அசைக்கும்போது நாம் கேட்காத இன்னொரு தசையும் சேர்ந்து அசைவது). மீண்டும் வளரும் நரம்பிழைகள் வழி மாறி, உதட்டுக்குப் போகவேண்டியது கண்ணுக்கும், உமிழ்நீருக்குப் போகவேண்டியது கண்ணீருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

"நாங்க பழகினதாலயா?" என்று கேட்டேன்.

"அதாலதான்னு சொல்ல ஏலாது. பழகாதவங்களுக்கும் வருது. ஆனா பெரிசா இழுக்க இழுக்க அது கெட்டிப்படும். இனிக் கொஞ்சமா செய்யுங்க. எதிர்ல நிக்கிறவருக்குத் தெரியாத அளவுக்குக் கொஞ்சமா. கண் மூட வருதுன்னு தெரிஞ்ச ஒடனே நிப்பாட்டுங்க."

பஸ்ஸில் வரும்போது நான் அழுதுகொண்டிருந்தேன், இரண்டு கண்ணாலும். எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ தாண்டியதும் ஜெனிட்டா சொன்னாள்: "அப்ப கொரியா வேணாம் அண்ணி. ஜப்பானுக்கு மாறுவோம்."

அவள் மொழிப் பயிற்சிக்காகப் பார்த்த ஜப்பானிய நாடகங்களை அதுவரை நான் ஐந்து நிமிடம் கூடப் பார்த்ததில்லை. ஒன்றும் நடக்காதது போலிருக்கும். இப்போது ஒன்றை முதலிலிருந்து பார்த்தோம். பாடசாலைச் சமையலறையில் வேலை செய்யும் ஒரு விதவை, அவளோடு ஒரே வீட்டில் வாழும் மாமனார். ஒரு மாலை அவர் அவளிடம், நீ இங்கே இருக்கவேண்டிய கட்டாயமில்லை, உனக்கென்று ஒரு வாழ்க்கையைப் பார்த்துக்கொள் என்கிறார். அவள் சோற்றுப் பானையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கீழுதடு மட்டும் ஒரு நெல்மணி அளவு உள்ளே போகிறது. பிறகு பானைக்கு மூடியை வைக்கிறாள், சத்தம் வராமல். அவ்வளவுதான் காட்சி. அவளுக்குப் போக விருப்பமில்லை என்பதும், அதை அவர் சொன்னதால் அவள் காயப்பட்டாள் என்பதும், காயத்தை அவருக்குக் காட்ட விரும்பவில்லை என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டன.

நான் இயன் மருத்துவரின் சொல்லை அங்கேதான் புரிந்துகொண்டேன். கொஞ்சமாகச் செய்வது என்பது குறையாகச் செய்வதல்ல. அந்த நடிகையின் முகத்தில் எல்லாத் தசைகளும் வேலை செய்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் மற்றதற்கு இடம் விடுகிறது.

பெரட்டு நின்றுபோகவில்லை. அளவுதான் மாறியது. ஜெனிட்டா படத்தை நிறுத்துவாள். நான் உதட்டோரத்தை மட்டும் உயர்த்துவேன், கண் கூசும் இடத்தில் விட்டுவிடுவேன். மாமிக்கு இது விளங்கவில்லை.

"என்னடி இது, சும்மா உக்காந்திருக்கீங்க?"

"அண்ணி சிரிக்கிறாங்கம்மா."

"எங்க?"

"அதான், தெரியலன்னா சரியாச் செய்றாங்கன்னு அர்த்தம்."

ஜெனிட்டா இப்போது ஜப்பானில் இருக்கிறாள். விடுமுறை நாளில் போன் எடுத்தால் முதலில் என் முகத்தைக் காட்டச் சொல்வாள். நான் பாடசாலைக்குத் திரும்பிவிட்டேன். வகுப்புப் பிள்ளைகளுக்கு என் முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை, நான் பெரிதாகச் சிரிக்காதவரை. நன்றாகக் களைத்த நாளில் வலது கன்னம் இறுகும். சாப்பிடும்போது வடியும் கண்ணீர் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

முன்பு முகம் என்பது எனக்குப் பின்னால் இருந்த ஏதோவொன்று. நினைத்ததும் தானாக நடந்தது. இப்போது ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்னால் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அதற்குள் உதட்டை அனுப்பிவிட்டுக் கண்ணைப் பிடித்து வைக்கிறேன். கொரிய நாடகம் பதினாறு பாகத்தில் முடியும், ஜப்பானிய நாடகம் அதற்கும் முன்பே. நரம்புக்கு அப்படிப் பாகங்கள் இல்லை. எது கடைசி மாற்றம் என்று தெரியாமலே அது ஒரு நாள் போதுமென்று நின்றுவிடும்.

மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. போன வாரம் இருவரும் ஒரு ஜப்பானிய நாடகம் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் ஒரு பெண் சிரித்தாள், இரண்டு கண்ணும் திறந்திருக்க, எவ்வளவோ அழகாக. மகள் அவளைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தையெல்லாம் சுருக்கிப் பெரும்பாடுபட்டு ஒரு கண்ணை மட்டும் மூடினாள். மூடிக்கொண்டே காத்திருந்தாள். நீயும் சிரி என்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவளுக்குச் சிரிப்பென்றால் அதுதான்.

நான் கட்டுப்பாட்டையெல்லாம் விட்டுச் சிரித்தேன். கண் மூடிக்கொண்டது. அவள் கைதட்டினாள்.

இப்போது கண்டியிலுள்ள ஒரு நிபுணர், கண்ணைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும் ஊசி போடலாம் என்கிறார். சில மாதங்களுக்கு ஒரு தடவை போடவேண்டும். கண் தானாக மூடுவது பெரும்பாலும் நிற்கும். அன்டனி உன் விருப்பம் என்கிறார். மாமி போடத்தான் வேண்டும் என்கிறார். எனக்கும் வேண்டும், புகைப்படத்துக்காவது வேண்டும். ஆனால் இப்போதுதான் என் சிரிப்பை அடையாளம் கண்டுகொண்ட பிள்ளைக்கு அதை மறுபடி மாற்றிக் காட்டலாமா, அவள் இன்னும் கொஞ்சம் வளரும்வரை பொறுக்கலாமா, அல்லது நான் இல்லாத ஒன்றுக்குப் பயப்படுகிறேனா என்று தீர்மானிக்க முடியவில்லை.

இதை வாசிப்பவர்களில் கைக்குழந்தையோடு இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட தாய்மார் யாராவது இருந்தால், வீடு திரும்பிய முதல் நாள் உங்கள் பிள்ளைக்கு எப்படிச் சிரித்துக் காட்டினீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.